பல்சர் சேசி வெட்டி ஒட்ட நல்ல கை, ஆனா உழவு நேரத்தில போகாதேங்கோ

என்ர பழைய பல்சர் 150ஐ கிரவல் ரோட்டில ஓடுற ஸ்கிராம்ப்ளர் பைக் மாதிரி எடுக்க, பின்சேசியை, அதாவது சீற்றைத் தாங்கிற பின்பக்கக் குழாய்ச் சட்டத்தைக், கட்டையாக்க வேண்டியிருந்தது. கிளிநொச்சிப் பக்கம் ட்ரக்டர் பெட்டியும் லான்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெஷின்) கலப்பையும் வெல்டிங்கில ஒட்டுற பட்டறை ஒண்டில குடுத்தனான். சுவரில ஒரு பைக் படம்கூட இல்லை. ஆனா கலப்பையில ஒட்டு விட்டா கமக்காரன் அண்டைக்கே வாசலில வந்து நிப்பான். அதால ஒட்டு விசயத்தில அந்த அண்ணை விளையாட்டு இல்லை.

முதலில பற்றரி வயரையும், பிளக்குக்கு நெருப்புக் குடுக்கிற சீடிஐயையும் கழட்டுவிச்சார், வெல்டிங் கரண்ட் பாய்ஞ்சா சீடிஐ போயிடும். பிறகு, “தம்பி, கழுத்தில சேசி நம்பர் அடிச்சுக் கிடக்கு. அங்கால கை வைக்கச் சொல்லுறதெண்டா பைக்கைக் கொண்டு போம்” எண்டார். சொக் அப்சோபர் பூட்டுற இடத்துக்குப் பின்னால மட்டும்தான் வெட்டினது.

குழாய் வளைக்க மெஷின் இல்லை. குழாய்க்குள்ள மணலை இறுக்கி நிரப்பி, ரெண்டு முனையையும் அடைச்சு, காஸில சிவக்கச் சுட்டு வளைச்சார். உள்ளுக்கு மணல் இருக்கிறதால வளைவு சப்பளியேல்லை. ஈரம் இருந்தா ஆவி கட்டி வெடிக்குமாம். அதுக்காக மணலை முதலே தாச்சியில வறுத்தெடுத்தவர்! மூட்டுக்குள்ள சின்னக் குழாய்த்துண்டு செருகி, மேல்குழாயில துளை போட்டு அதுக்குள்ளாலயும் ஒட்டு. சூட்டில சேசி ஒருபக்கம் இழுக்காமல் இருக்க இடம் வலமா மாறி மாறிச் சின்னச் சின்ன ஒட்டாப் பொட்டு வைச்சு, கடைசியா ரெண்டு சில்லுக்கும் நூல் பிடிச்சுப் பாத்தார்.

டவுணில மொடிபை செய்யிற ஒரு இடத்தில ஒட்டை அரைச்சு மினுக்கி வைச்சிருந்தாங்கள். வடிவுதான். ஆனா அப்பிடி அரைச்சா ஒட்டில பலம் எங்க மிஞ்சும்?

இங்க வடிவை எதிர்பாக்காதேங்கோ. ஒட்டுப் பொறி தெறிச்ச பருக்கள் அப்பிடியே கிடக்க, மேலால ரெட் ஒக்சைட் பெயின்ற் அடிச்சுத் தந்தவர். சீற் பூட்டுற துளையும் நேரில்லை, நான் வீட்டில திருப்பித் துளைச்சனான். கூலி 22,000 ரூபா, குழாய்க் காசு வேற. அக்கராயன் பக்கத்துக் கிரவலில ரெண்டுபேர் ஏறி ஓடியும் ஒட்டடியில பெயின்ற் கூட வெடிக்கேல்லை.

சொன்ன நாளுக்குக் கிடைக்காது. காலபோக (மாரிகால நெல்) உழவு தொடங்கினா உங்கட பைக் பெட்டியளுக்குப் பின்னால சாத்திக் கிடக்கும், போன் எடுத்தாலும் பதில் இல்லை. அறுவடை முடிய, பங்குனி போலக் குடுத்தா அலைச்சல் குறைவு. குழாயையும் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கோ, அவரிட்டக் கிடக்கிறது பெட்டி அடிச்ச மிச்சம்.