புல்தரை ஓரக்கல்: கட்டரா, உளியா, பேக்டரியா?

குப்பம், பர்கூர் பக்கம் வேலிக்காலே கருங்கல்தான். வீட்டு முன்னால் கொஞ்சம் புல்தரை போட்டால், ஓரத்துக்கும் கல் என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. தகராறெல்லாம் அதை அளவுக்கு வெட்டுவதில்தான். "மார்பிள் கட்டர் ஒன்று இருந்தால் போதும்" என்பார் ஒருவர். "கல் உடைக்கிறவரைக் கூப்பிடுங்க" என்பார் இன்னொருவர். இரண்டுமே பாதிதான் சரி.

முதலில் எந்தக் கல் என்று பாருங்கள். கடப்பா கல் என்றால் பேச்சே இல்லை, கட்டர்தான். சுண்ணாம்புக்கல் வகை என்பதால் பிளேடு சுலபமாக இறங்கும். உளி வைத்தால் அடுக்கடுக்காகப் பெயர்ந்து ஓரம் கெட்டுவிடும். ஆனால் வெயிலில் அதன் கருப்பு வெளுத்துச் சாம்பலாகிவிடும். வெளிவேலைக்கு எனக்கு அது பிடிப்பதில்லை.

கருங்கல் சங்கதி வேறு. சாதாரண மார்பிள் கட்டரில் போடுவது 110 மில்லிமீட்டர் பிளேடு. அது இறங்கும் ஆழம் 30 மில்லிமீட்டர் சொச்சம்தான். ஓரக்கல்லோ நாலு அங்குலக் கனம், அதாவது 100 மில்லிமீட்டர். மேலும் கீழும் அறுத்தாலும் நடுவில் ஒன்றரை அங்குலம் அறுபடாமல் நிற்கும். கட்டரை நம்பியவரும் கடைசியில் சுத்தியலைத் தேடத்தான் வேண்டும்.

தூசி இன்னொரு தலைவலி. கருங்கல்லில் ஏறக்குறைய கால் பங்கு குவார்ட்ஸ் என்ற சிலிக்காத் தாது. உலர அறுத்தால் பறக்கிற மாவு நுரையீரலில் தங்கும். அதனால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. வாயில் துண்டு கட்டுவது வெறும் சமாதானம். தண்ணீர் விட்டுக்கொண்டே அறுங்கள், என்95 மாஸ்க்கும் போடுங்கள். தண்ணீரும் கரண்டும் சேருவதால் லைனில் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) கட்டாயம்.

கல் உடைக்கிறவர் வேலை பார்க்கவே ஒரு நிதானம். நூல் பிடித்துக் கோடு போடுவார், கல்லை மணல்மேல் கிடத்துவார், கோட்டின்மேல் உளியை நகர்த்தி நகர்த்தி நாலு பக்கமும் தட்டிக்கொண்டே வருவார். முதலில் 'கணீர்' என்று கேட்கும். சுற்றுகள் ஏற ஏறச் சத்தம் மந்தமாகும். உள்ளே விரிசல் ஓட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அப்போதும் அதே தட்டுதான், ஓங்கி அடிப்பதில்லை. அவசரப்பட்டு ஒரு போடு போட்டால் மூலை பறந்துவிடும். பிளந்த முகம் சொரசொரப்பாக, பொடிப் பளபளப்போடு இருக்கும். புல்லுக்குப் பக்கத்தில் அதுதான் எடுப்பு. கோணல் கொஞ்சம் இருக்கும், இருக்கட்டும்.

கல் அறுக்கிற பேக்டரியில் கொடுத்தால் நேர்த்திக்குக் குறையில்லை. கைப்பிடி அளவு வேலைக்கு வண்டி வாடகைதான் கடிக்கும்.

வளைவு என்றதும் ஒவ்வொரு கல்லையும் ஆப்பு மாதிரி சரிக்க வேண்டும் என்று பயப்படுகிறார்கள். வேண்டியதில்லை. உள்விளிம்பு ஐந்து அடி ஆரத்தில் போகட்டும், கல் நாலு அங்குல அகலம் என்று வையுங்கள். அரையடித் துண்டுகளாக வைத்தால் வெளிப்பக்கம் திறக்கும் சந்து 10 மில்லிமீட்டர்தான், கலவை அடைத்துவிடும். ஒன்றரையடிக் கல் வைத்தால் அதுவே 30 ஆகிப் பல்லிளிக்கும். ஆக வளைவுக்கு வேண்டியது நிறையச் சின்னத் துண்டு. அதற்கு உளிதான் வேகம்.

சுவரில் வந்து முட்டுகிற கடைசிக் கற்களுக்கு மட்டும் கட்டரால் சுற்றிலும் ஒரு கீறல் போட்டு, அப்புறம் உளியால் பிளக்கலாம். அதற்காகக் கட்டர் வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுத்தால் போதும். பிளேடு மட்டும் புதிதாக வாங்கிப் போடுங்கள். வாடகைக் கட்டரோடு வருகிற பிளேடில், கல்லை அறுப்பதற்காக விளிம்பில் பதித்த வைரத்தூள் எப்போதோ தேய்ந்து போயிருக்கும்.