ஆறு வாரச் சிகிச்சைக்கு எந்தக் குழாய்? வென்ஃப்ளான், மிட்லைன், பிக் லைன், போர்ட்: ஓர் ஒப்பீட்டு அலசல்

இதய வால்விலோ எலும்பிலோ கிருமி பற்றிய நோயாளிக்கு, நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆன்டிபயாட்டிக் மருந்தைச் சிரை வழியே செலுத்த வேண்டியிருக்கலாம் என்பது முதல் நாளிலேயே மருத்துவருக்கு ஓரளவு தெரிந்துவிடும். ஆனாலும் பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், புறங்கையில் ஒரு வென்ஃப்ளான் (சிரைக்குள் செருகும் சிறு பிளாஸ்டிக் குழாய்) ஏற்றப்படுகிறது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அந்த இடம் சிவந்து வீங்க, மறு கைக்கு மாற்றுகிறார்கள். இரண்டாவது வாரத்தில் 'நரம்பு கிடைக்கவில்லை' என்ற பேச்சு எழுகிறது. (வார்டில் நரம்பு என்று சொல்லப்படுவது உண்மையில் சிரைதான், சொல் மாறினாலும் நோயாளியின் வலி மாறுவதில்லை.) நிதானமாக எடுத்திருக்க வேண்டிய முடிவு, இரு கைகளும் புண்ணான பிறகு அவசரத்தில் எடுக்கப்படுகிறது. அந்த முடிவை முதல் இரண்டு நாட்களுக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதே என் கருத்து.

குழாயைப் பற்றிப் பேசுவதற்கு முன் குழாய் தேவையா என்று கேட்பது நியாயம். 2019-இல் வெளியான பிரிட்டனின் ஓவிவா ஆய்வு, எலும்பு, மூட்டுத் தொற்றுகளுக்கு முதல் ஆறு வாரங்கள் வாய்வழி மருந்து கொடுத்தாலும் சிரைவழி மருந்துக்குக் குறைவில்லாத பலன் கிடைக்கிறது என்று காட்டியது. டென்மார்க்கின் போயட் ஆய்வு, இதய உட்சவ்வு அழற்சியில் நிலைமை சீரான நோயாளிகளை மாத்திரைக்கு மாற்றுவது குறித்து அதே போன்ற முடிவுக்கு வந்தது. எல்லோருக்கும் இது பொருந்தாது. கிருமியின் வகையும் குடலின் நிலையும் இடம் கொடுக்க வேண்டும். பொருந்தக்கூடிய ஒருவருக்கு இதைக் கேட்காமலே குழாய் போடுவது தவறு.

குழாய் தேவை என்றால், எத்தனை நாட்களுக்கு, என்ன மருந்து, அந்தக் கையின் சிரைகள் பிற்காலத்தில் வேறு எதற்காவது வேண்டியிருக்குமா என்ற மூன்று கேள்விகள் தேர்வை நிர்ணயிக்கின்றன. 2015-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு நிபுணர் குழு உருவாக்கிய 'மேஜிக்' வழிகாட்டி இதே கேள்விகளின் மேல்தான் கட்டப்பட்டுள்ளது.

ஐந்து நாட்களுக்குள் முடியும் சிகிச்சைக்கு வென்ஃப்ளான் போதும். பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று நிறத்தால் அளவு குறிக்கப்பட்ட அந்தச் சிறு குழாய்களில், தேவைக்குப் போதுமான மெல்லியதைத் தேர்ந்தால் குழாயைச் சுற்றி இரத்தம் ஓட இடம் இருக்கும். சிரையும் சற்று நீண்ட நாள் தாங்கும். மூன்று நாட்களுக்கு ஒருமுறை கட்டாயமாக மாற்றும் பழக்கத்துக்கும் ஆதாரம் இல்லை: ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மூன்று மருத்துவமனைகளில் 3,283 நோயாளிகளிடம் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், தேவைப்படும்போது மாற்றியவர்களிடமும் கெடு வைத்து மாற்றியவர்களிடமும் சிரை அழற்சி 7 சதவீதமாகவே இருந்தது. தினமும் அந்த இடத்தைப் பார்க்க ஆள் இருக்க வேண்டும் என்பதே அதற்கான நிபந்தனை.

ஒரு வாரத்தைத் தாண்டி இரண்டு வாரம் வரை நீளும் சிகிச்சையில்தான் உண்மையான போட்டி தொடங்குகிறது. மிட்லைன், பிக் லைன் இரண்டும் மேற்கைச் சிரையில், அல்ட்ராசவுண்டு பார்த்து ஏற்றப்படுபவை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வேறுபாடு நுனி நிற்கும் இடத்தில் இருக்கிறது. மிட்லைனின் நுனி அக்குள் மட்டத்திலேயே நின்றுவிடும். பிக் லைனின் நுனி மேற்பெருஞ்சிரை இதயத்தோடு சேரும் இடம் வரை போகும். அங்கே ஓடும் பெருவெள்ளத்தில் எரிச்சலூட்டும் மருந்தும் நொடியில் நீர்த்துவிடுகிறது. கையின் சிரையில் அந்த வசதி இல்லை. ஆகவே முழுமையான சிரைவழி ஊட்டம், தொடர்ந்து செலுத்தப்படும் திசுவைக் கருக்கும் கீமோ மருந்துகள், லிட்டருக்கு 900 மில்லிஆஸ்மாலுக்கு (கரைந்த துகள்களின் அளவைக் குறிக்கும் அலகு) மேல் அடர்த்தியுள்ள கரைசல்கள் ஆகியவற்றுக்கு மிட்லைன் கூடாது. மிட்லைன் ஆழமான சிரையில் இருப்பதால் மருந்து வெளியே கசிந்தாலும் தோலில் தாமதமாகத்தான் தெரியும் என்பதையும் மறக்கக் கூடாது.

இந்தத் தடை இல்லாத சாதாரண ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கு, 14 நாட்கள் வரை, பிக் லைனைவிட மிட்லைனே மேல் என்கிறது மேஜிக் வழிகாட்டி. எனக்கும் அதில் ஐயமில்லை. நுனியின் இடத்தை உறுதிசெய்ய மார்பு எக்ஸ்ரே தேவையில்லை, தொற்றும் குறைவு. 2006-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வில், ஆயிரம் கதீட்டர் நாட்களுக்கு (ஒரு குழாய் ஒரு நாள் உடலில் இருந்தால் ஒரு கதீட்டர் நாள்) இரத்தத் தொற்று மிட்லைனில் 0.2 ஆகவும், மருத்துவமனையில் உள்ளவர்களின் பிக் லைனில் 2.1 ஆகவும் இருந்தது. மிட்லைன் போடப்பட்ட நோயாளிகள் பொதுவாகச் சற்று நலமானவர்கள் என்று கழித்துப் பார்த்தாலும், அந்த இடைவெளியை ஒதுக்கிவிட முடியாது. 15 நாட்களைத் தாண்டும் சிகிச்சைக்கும், நாள் கணக்கைப் பாராமல் மேலே சொன்ன கடும் மருந்துகளுக்கும் பிக் லைன் உரியது.

பிக் லைனின் பலவீனம் இரத்த உறைவு. 2013-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, கழுத்திலோ மார்பிலோ போடும் மைய லைனைவிட பிக் லைனில் ஆழ்சிரை உறைவு ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்றது. காரணம் எளிது: ஒடுங்கிய சிரைக்குள் நீண்ட குழாய் கிடந்தால் இரத்தம் தேங்கும். குழாயின் விட்டம் சிரையின் விட்டத்தில் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி இதனால்தான் வந்தது. சிரை 3 மில்லிமீட்டர் என்றால், ஒற்றை வழியுள்ள 4 'பிரெஞ்சு' (குழாயின் விட்டத்தைக் குறிக்கும் அலகு) குழாய் (1.33 மில்லிமீட்டர்) சுமார் 44 சதவீதத்தில் அடங்கிவிடும், இரட்டை வழியுள்ள 5 பிரெஞ்சு குழாய் (1.67 மில்லிமீட்டர்) 56 சதவீதத்துக்குப் போய்விடும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரட்டை வழிக் குழாயைக் கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பது நல்லது.

சிறுநீரக நோயாளிகளைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. டயாலிசிஸுக்குச் சிறந்த வழி, தமனியையும் சிரையையும் இணைத்துக் கையில் அமைக்கப்படும் ஃபிஸ்டுலா. அதற்கு மேற்கையிலும் முன்கையிலும் சேதமில்லாத சிரைகள் வேண்டும். இன்று இரண்டு வார மருந்துக்காகப் போட்ட பிக் லைன் அந்தச் சிரையை அடைத்துவிட்டால், ஐந்து ஆண்டுகள் கழித்து அந்த நோயாளிக்கு உயிர்நாடியாக இருக்க வேண்டிய வழி மூடியிருக்கும். சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் திறன் (eGFR) நிமிடத்துக்கு 45 மில்லிக்குக் கீழே இறங்கியவர்களுக்குப் பிக் லைனைத் தவிர்க்கவே மேஜிக் வழிகாட்டி சொல்கிறது. ஐந்து நாட்களுக்கு உட்பட்ட தேவைக்குப் புறங்கைச் சிரையும், நீண்ட தேவைக்குக் கழுத்துச் சிரையில் தோலடியே செலுத்தும் மெல்லிய குழாயும் அவர்களுக்கு ஏற்றவை. நீரிழிவு நெடுநாள் இருப்பவருக்குக் குழாய் கேட்குமுன், சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்த்துவிட வேண்டும்.

தோலடிப் பாதை இல்லாமல் கழுத்தில் நேரடியாகப் போடும் சென்ட்ரல் லைன், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு உரியது. அவசரத்தில் போட்டது அவசரம் முடிந்ததும் எடுக்கப்பட வேண்டும். அதை நீண்ட சிகிச்சைக்கான தீர்வாக எண்ணுவது ஆபத்து.

மாதக்கணக்கில் கீமோ பெறுபவருக்கோ கேள்வி வேறு. பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளிடம் நடந்து 2021-இல் வெளியான காவா ஆய்வில், சிக்கல் ஏற்பட்டவர்கள் போர்ட்டில் (தோலுக்கடியில் பதிக்கும் சிறு அறையும் குழாயும்) 29 சதவீதம், ஹிக்மேன் குழாயில் (மார்புத் தோலடியே சென்று நுனி வெளியே நிற்கும் மையக் குழாய்) 43 சதவீதம்; பிக் லைனோடு ஒப்பிட்ட பகுதியில் போர்ட்டுக்கு 32, பிக் லைனுக்கு 47. தோலுக்கடியில் முழுதும் மறைந்திருக்கும் போர்ட், பயன்படுத்தாத வாரங்களில் கட்டு மாற்றும் வேலையைத் தருவதில்லை. நோயாளி தயக்கமின்றிக் குளிக்கலாம். பிக் லைனுக்கு வாரம் ஒருமுறை கட்டு மாற்ற வேண்டும். குளிக்கும்போதெல்லாம் கையை மூட வேண்டும். போர்ட்டுக்கு ஒரு சிறு அறுவைச் சிகிச்சையும், ஒவ்வொரு முறையும் போர்ட்டுக்கென்றே உள்ள ஹியூபர் ஊசியின் குத்தும் உண்டு. ஆரம்பச் செலவும் அதிகம். மூன்று மாதத்துக்கு மேல் கீமோ என்றால் அந்தச் செலவை ஏற்பது தகும் என்றே நினைக்கிறேன்.

வீட்டுக்குப் போகும் நோயாளிக்கு இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். நான்கு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்கு அப்பால் இருக்கும் ஊரில், பிக் லைனின் கட்டைச் சுத்தமாக மாற்றவும், 10 மில்லி சிரிஞ்சால் அழுத்தம் பார்த்துக் கழுவவும் தெரிந்த செவிலியர் கிடைப்பாரா என்று குடும்பத்தாரிடம் கேட்டுவிட்டுத்தான் குழாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிடைக்கமாட்டார் என்றால், நாளுக்கு ஒருமுறை மட்டும் கொடுக்கும் மருந்துக்கு மாற்ற முடியுமா, மாத்திரைக்கு இறங்க முடியுமா என்ற பேச்சை, டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும் முன்பே மருத்துவரிடம் தொடங்க வேண்டும். கடைசி டோஸ் முடிந்ததும் அந்தக் குழாயை எங்கே, யார் எடுப்பார்கள் என்பதும் அந்தச் சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.