‘இண்டக்‌ஷன் பேஸ்’ ஸ்டிக்கரை நம்பி நாகர்கோவிலில் ஏமாந்த கதை

இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கப் போகிறவர்கள் சட்டைப் பையில் ஒரு காந்தம் போட்டுக்கொண்டு போங்கள். நான் போடாமல் போனேன்.

கேஸ் தீர்ந்த நாளில் அம்மாவுக்கு உதவட்டும் என்று நாகர்கோவிலில் ஒரு பாத்திரக்கடையில் 2000 வாட் அடுப்பு கேட்டேன். கடாய், தோசைக்கல், சாஸ்பான் சேர்த்துக் காம்போ 4,300 ரூபாய் என்றார் கடைக்காரர். “எல்லாம் இண்டக்‌ஷன் பேஸ்தான் அண்ணே, அடியைப் பாருங்க” என்று கவிழ்த்துக் காட்டினார். வட்ட வட்டமாக வரி, நடுவில் சுருள் கம்பிப் படம் போட்ட ஸ்டிக்கர். இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகும் அடிதான் என்று நம்பிவிட்டேன்.

வீட்டில் கடாயை வைத்தால் அடுப்பு பீப் பீப் என்று கத்தி அணைந்துவிட்டது. அம்மா தன் பழைய இரும்புக் கல்லை வைத்தார். உடனே சூடு ஏறியது. அப்போ அடுப்பில் குறையில்லை. ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துப் பார்த்தேன். கடாயிலும் சாஸ்பானிலும் வழுக்கி விழுந்தது. வெறும் அலுமினியம்; அந்த வரியெல்லாம் சும்மா அலங்காரம். புதுத் தோசைக்கல்லில் நடுவில் ஒரு சாசர் அளவுக்கு மட்டும் ஒட்டியது. தோசையும் அந்த அளவுக்குத்தான் கருகியது, ஓரம் மாவாகவே கிடந்தது.

இந்த அடுப்பில் தீ கிடையாது. உள்ளே இருக்கும் சுருளின் காந்தப்புலம், காந்தம் ஒட்டும் பாத்திரத்தின் அடியையே சூடாக்குகிறது. அலுமினியம், செம்பு தனியாக எடுபடாது. எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டாத ரகம் உண்டு. மீன் குழம்பு மண்சட்டி கேஸிலேயே இருக்கட்டும்.

இதைவிட மோசம் பிளக். 2000 வாட்டுக்கு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். கடைக்காரரோ பெரிய பிளக்கைச் சின்ன பாயிண்டில் செருக இனாமாக ஒரு கன்வர்ட்டர் தந்து, சாதா 6 ஆம்பியர் பாயிண்டில் போடச் சொன்னார். பத்து நிமிடத்தில் பிளாஸ்டிக் உருகும் வாடை. நல்லவேளை, அம்மா பக்கத்திலேயே நின்றார்.

திருப்பிக் கொண்டுபோனேன். “பில்லைப் பாருங்க, வித்த சாதனத்தைத் திரும்ப எடுக்க மாட்டோம்” என்றார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் போடவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதே முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து புகார் பதிந்தேன். அப்புறம் அவரே கூப்பிட்டு, கடாய்க்கும் சாஸ்பானுக்கும் பணம் தருவதாகச் சொன்னார். தோசைக்கல்லுக்கு மாட்டாராம். “அதுலதான் காந்தம் ஒட்டுதே அண்ணே!”