கலாம் முடி யார் ஜாடை: பீத்தோவனா, லிஸ்ட்டா?

ராமேஸ்வரம் பேய்க்கரும்பு நினைவிடத்தில் கலாம் வீணை வாசிப்பது போல ஒரு சிலை உண்டு. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இந்தச் சந்தேகம்.

ஜெர்மன் இசைமேதை பீத்தோவன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் 1820-இல் ஓவியர் ஷ்டீலர் அவரை வரைந்த படத்தைப் பாருங்கள். பாம்பன் பாலத்தில் ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த தலை! முகத்தில் கடுகடுப்பு வேறு. கலாம் அப்படி முறைத்து யார் பார்த்தது?

லிஸ்ட் 1811-இல் அன்றைய ஹங்கேரியில் பிறந்த பியானோ மேதை. வயதான காலத்துப் புகைப்படங்களில் வெள்ளை முடி நேராக வழிந்து காதை மூடும். நடுவகிடும் நெற்றிச் சுருளும் கலாமுக்கே சொந்தம், சரி. இருந்தாலும் என் ஓட்டு லிஸ்ட்டுக்குத்தான்.

சலூன்காரரிடம் இரண்டு பேர் படத்தையும் காட்டினேன். லிஸ்ட்டைத் தொட்டு, "இவருக்குச் சீப்பு போதும் தம்பி. அவருக்கு முதல்ல எண்ணெய் வேணும்" என்றார்.