எட்டு வருடமாக வானத்திலிருந்து புல்வெளி பார்க்கிறேன்

நீலகிரியில் சோலையும் (மலை மடிப்புகளில் வளரும் குட்டையான பசுமைக்காடு) புல்வெளியும் எங்கே, எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து வரைபடம் போடுவதுதான் என் பிழைப்பு. காட்டுக்குள்ளேயே கிடக்கலாம் என்ற ஆசையில் இந்த வேலைக்கு வந்தேன். வருடத்தில் இரண்டு மாதம் காடு, மீதி லேப்டாப்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். படத்துக்குக் காசு கிடையாது. அமெரிக்க செயற்கைக்கோள் வரிசையான லேண்ட்சாட்டின் படங்கள் 2008-லிருந்து இலவசம், 1972 வரை பின்னோக்கிப் போகலாம். பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று கணக்கிட முடிந்ததே இந்தப் பழைய படங்களால்தான். ஐரோப்பிய செயற்கைக்கோளான சென்டினல்-2 வந்த பிறகு படத்தின் ஒரு பிக்சல் தரையில் பத்து மீட்டருக்கு இறங்கியது. படங்களை இணையத்திலேயே வைத்து அலச உதவும் கூகுள் எர்த் என்ஜின் இருப்பதால் ராத்திரி முழுக்க டவுன்லோடு போட்டுவிட்டுக் காத்திருக்கும் கொடுமையும் இல்லை.

சென்டினல்-2 5 நாளுக்கு ஒரு படம் தரும் என்பது ஏட்டுக் கணக்கு. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தால் வடகிழக்கு வந்துவிடும். மேகமில்லாத படம் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் கிடைத்தால் உண்டு. நல்லவேளை, அப்போது உறைபனியில் புல் கருகி வைக்கோல் நிறத்தில் கிடக்கும், புல்வெளியை ஆக்கிரமிக்கும் அந்நிய மரமான சீகை (வாட்டில்) மட்டும் பச்சையாக நிற்கும். இரண்டையும் பிரிக்க இதைவிட நல்ல சமயம் இல்லை. ஆனால் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்குச் சரிவெல்லாம் நிழல். அந்த நிழலைக் கணினி சோலை என்னும், சில சமயம் ஏரி என்னும்!

நான் அசிங்கப்பட்ட கதை ஒன்று உண்டு. நான்கு வருடப் படங்களை வரிசையாக வைத்துப் பசுமைக் குறியீடு எடுத்தேன். அகச்சிவப்பு எண்ணிலிருந்து சிவப்பு எண்ணைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது அது; செடி பசுமையாக இருந்தால் உயரும். 2022-ல் மலை முழுக்கக் குறியீடு இறங்கியிருந்தது. வறட்சி என்று முடிவு கட்டி இரண்டு பக்கம் எழுதியும்விட்டேன். சோலை, சீகை, தேயிலை மூன்றும் ஒரே வாரத்திலா வாடும் என்று அப்புறம்தான் உறைத்தது. வாடியது ஒன்றும் இல்லை. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களின் எண்களில் ஆயிரத்தைக் கூட்டித் தரத் தொடங்கியிருந்தார்கள். சிவப்பிலும் அகச்சிவப்பிலும் ஆயிரம் கூடினால் கழிக்கும்போது அது மறைந்துவிடும், வகுக்கும் எண் மட்டும் பெருத்துவிடும். குறியீடு இறங்காமல் என்ன செய்யும்? இப்போது எர்த் என்ஜினில் அந்த ஆயிரத்தைச் சரிக்கட்டிய, 'ஹார்மனைஸ்டு' என்று பெயரிட்ட தொகுப்பைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. புதிதாக வருபவர்களும் அதையே எடுங்கள்.

சம்பளத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் இரண்டு, மூன்று வருட ஒப்பந்தம். ஜே.ஆர்.எஃப் எனும் இளநிலை ஆராய்ச்சியாளருக்கான மாத உதவித்தொகை 2023-ல் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆனது. கையில் எப்போது வரும் என்பது வேறு விஷயம். ஓர் இடத்தில் ஐந்து மாதப் பணத்தை மொத்தமாகப் போட்டார்கள், அதுவரை மெஸ்ஸில் கடன்.

போன பிப்ரவரியில் நீலகிரியில் உள்ள அவலாஞ்சி பக்கம் வரைபடத்தைச் சரிபார்க்கப் போனோம். ஒரு புள்ளியில் கணினி 'சீகை' என்று சொல்லியிருந்தது. போய்ப் பார்த்தால் சீகைதான், முதிர்ந்த மரங்கள். சரி, ஒரு டிக் போட்டுவிட்டு நகரப் பார்த்தேன். கூட வந்த வனக்காவலர், வாட்சர் அண்ணன் விடவில்லை.

"தம்பி, கீழ பாருங்க."

கையால் கிளைகளை விலக்கினார். சீகை நிழலில் இடுப்பளவு உயரத்தில் சோலை மரக் கன்றுகள், நாவல் இனத்துடையவை. பத்தடிக்குள் ஏழு எண்ணினேன். மேலே பறக்கும் கோளுக்கு உச்சிதான் தெரியும், அடியில் முளைப்பது தெரியாது. சீகையை ஒட்ட வெட்டினால் இந்தக் கன்றுகளும் சேர்ந்து போகும்.

"இதை மேப்புல எப்படிப் போடுவீங்க?" என்றார் அண்ணன். குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வரைபடத்தில் அந்தப் புள்ளி இப்போதைக்குச் சீகை நிறத்தில்தான் இருக்கிறது.