மீன் எண்ணெய்க் குளிசையோ, சூடை மீனோ, மருந்தோ: பிள்ளையின்ர கவனத்துக்கு எது உதவும்?

நான் பாமசியில வேலை செய்யிற ஆள். ஐஞ்சாம் ஆண்டு புலமைப்பரிசில் சோதினை கிட்ட வர வர கவுண்டரில ஒரே கேள்விதான், "தம்பி, பிள்ளைக்கு கவனம் காணாது, ஒரு இடத்தில இருக்கிறானில்ல, நல்ல ஒமேகா குளிசை ஒண்டு தாங்கோ" எண்டு. சில பேருக்கு கனடாவில இருந்து மாமி போத்தல் போத்தலா அனுப்பியிருப்பா, அதைக் கொண்டு வந்து காட்டி இது குடுக்கலாமோ எண்டு கேப்பினம். பின்னால ஆக்கள் வரிசையில நிக்கேக்க ரெண்டு நிமிசத்தில சொல்லி முடியிற விசயம் இல்லை இது, அதாலதான் ஒண்டோட ஒண்டை வச்சுப் பாத்து எழுதுறன்.

முதல்ல பிள்ளை எந்தப் பிள்ளை எண்டு பாக்கோணும். டொக்டர் வடிவாப் பாத்து ஏடிஎச்டி (கவனக்குறைவும் துருதுருப்பும் சேந்த குறைபாடு) எண்டு சொன்ன பிள்ளை வேற, டியூசன் முடிஞ்சு வந்து புத்தகப் பையை எறிஞ்சிட்டு கிரிக்கெட்டுக்கு ஓடுற பெடியன் வேற. ரெண்டு பேருக்கும் தாய்மார் ஒரே போத்தலைத்தான் வாங்கிக்கொண்டு போகினம், ஆனா ஆராய்ச்சியள் ரெண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லேல்ல.

சுகமா இருக்கிற பிள்ளை, படிப்பில மட்டும் கொஞ்சம் பின்னுக்கு நிக்குது எண்டு வச்சுக்கொள்ளுவம். இதை நேரடியாப் பாத்தது ஒக்ஸ்போர்ட் ஆக்கள். 2012இல வந்த டோலாப் எண்ட அவையின்ர ஆராய்ச்சியில 7 முதல் 9 வயசு வரைக்குமான 362 பிள்ளையள், எல்லாரும் வாசிப்பில பின்தங்கினவை, பாதிப் பேருக்கு நுண்பாசியில இருந்து எடுத்த டிஎச்ஏ (மீன் எண்ணெயிலயும் இருக்கிற ஒரு வகை ஒமேகா 3 கொழுப்பு) நாளுக்கு 600 மில்லிகிராம், மற்றப் பாதிக்கு அதே மாதிரி இருக்கிற வெறும் எண்ணெய், 16 கிழமை குடுத்துப் பாத்தவை. மொத்தமாப் பாக்கேக்க வாசிப்பில வித்தியாசம் இல்லை. ஆகப் பின்னுக்கு நிண்ட பிள்ளையளை மட்டும் பிரிச்சுப் பாத்தால் கொஞ்சம் முன்னேற்றம் தெரிஞ்சது. நடத்தை பற்றி தாய் தகப்பன் எழுதின தாளில முன்னேற்றம் இருந்தது, ரீச்சர்மார் எழுதின தாளில அது இல்லை. அதோட நிப்பாட்டியிருந்தால் எண்ணெய் விக்கிறவைக்கு நல்ல வசதியா இருந்திருக்கும், ஆனா அந்த ஆராய்ச்சிக் குழு திரும்பவும் அப்பிடிப் பின்தங்கின 376 பிள்ளையளைச் சேத்து அதே அளவு, அதே 16 கிழமை செய்து பாத்திச்சினம். 2018இல முடிவு வந்தது, முதல்ல கண்ட முன்னேற்றம் ரெண்டாந்தரம் வரேல்ல. தாங்கள் சொன்னதைத் தாங்களே திருப்பிச் சோதிச்சு, இல்லை எண்டதையும் மறைக்காமல் வெளியிட்டதுக்காக எனக்கு அவையில பெரிய மரியாதை. ஆக சோதினைக்கு மூளை வேலை செய்யட்டும் எண்டு சுகமான பிள்ளைக்கு டிஎச்ஏ வாங்கிறதெண்டால், என்னைக் கேட்டால் அந்தக் காசை மிச்சம் பிடியுங்கோ.

உடன ஆரும் கேப்பீங்கள், அப்ப ஒமேகா குடுத்து வாசிப்பு கூடினது எண்டு ஒண்டு பரவலாச் சொல்லினமே, அது என்ன எண்டு. அது 2005இல வந்த ஒக்ஸ்போர்ட்-டர்ஹாம் ஆராய்ச்சி, அது பொய்யில்லை. 117 பிள்ளையள், 5 முதல் 12 வயசு, ஆனா அவை உடல் அசைவை ஒழுங்கா ஒருங்கிணைக்கேலாத குறைபாடு இருந்த பிள்ளையள். மீன் எண்ணெயும் ஈவினிங் பிறிம்ரோஸ் எண்ட பூச்செடி விதையின்ர எண்ணெயும் கலந்து குடுத்தது, நாளுக்கு ஈபிஏ (மீன் எண்ணெயில இருக்கிற மற்ற ஒமேகா 3 வகை) 558 மில்லிகிராம், டிஎச்ஏ 174. மூண்டு மாசத்தில எண்ணெய் குடிச்ச பிள்ளையளின்ர வாசிப்பு வயசு சராசரி 9.5 மாசம் கூடியிருக்க, வெறும் எண்ணெய் குடிச்சவைக்கு 3.3 மாசம். நடத்தையும் திருந்தினது, ஆனா எந்தக் குறைபாட்டுக்காக அவையைச் சேத்ததோ அந்த அசைவுப் பிரச்சினையில மாற்றமே இல்லை. அந்தப் பிள்ளையளுக்கு வந்த பலன் எங்கட சுகமான பிள்ளைக்கும் வரும் எண்டு எடுக்கேலாது.

இனி ஏடிஎச்டி உள்ள பிள்ளையளிட்ட வருவம், இங்கதான் கவனமா வாசிக்கோணும். 2011இல 10 ஆராய்ச்சியைச் சேத்து, மொத்தம் 699 பிள்ளையள், கணக்குப் பாத்திச்சினம். பலன் இருக்குது, ஆனா சின்னது, அவையின்ர அளவுகோலில 0.31 (0 எண்டால் பலனே இல்லை), அதிலயும் ஈபிஏ கூடக் கூட பலனும் கூடினது. ஏடிஎச்டிக்குக் குடுக்கிற மெதில்பெனிடேட் மருந்துக்கு அதே மாதிரி அளவுகோலில 2018இல லான்செட் சைக்கியற்றி எண்ட மருத்துவ சஞ்சிகையில வந்த பெரிய ஒப்பீடு டொக்டர்மாரின்ர மதிப்பீட்டின்படி 0.78 எண்டு சொல்லுது. பேந்து 2023இல, ஆராய்ச்சியளை ஒண்டாச் சேத்து மதிப்பிடுற கொக்ரேன் அமைப்பு ஆக்கள் 37 ஆராய்ச்சி, 2374 பேர் எண்டு இன்னும் கடுமையா வடிகட்டிப் பாத்தால், தாய் தகப்பன் சொன்ன கவனக்குறைவிலயும் சரி, துருதுருப்பிலயும் சரி, ஒமேகாவுக்கும் வெறும் எண்ணெய்க்கும் வித்தியாசம் இல்லை. அப்ப உண்மை "கொஞ்சம்" எண்டதுக்கும் "இல்லை" எண்டதுக்கும் இடையிலதான் எங்கயோ நிக்குது. மருந்துக்குப் பதிலா இது எண்டு சொல்ல அந்த ரெண்டிலயும் இடமே இல்லை.

எனக்கு இதில மிச்சம் முக்கியமாப் பட்டது 2019இல வந்த தாய்வான் ஆராய்ச்சி. ஏடிஎச்டி உள்ள 92 பிள்ளையள், நாளுக்கு 1.2 கிராம் ஈபிஏ, 12 கிழமை. இரத்தத்தில ஈபிஏ குறைவா இருந்த பிள்ளையளுக்கு கவனம் கூடினது. முதலே கூடவா இருந்த பிள்ளையளுக்கு அவசரபுத்தியில வெறும் எண்ணெய் குடிச்சவை அளவுக்குக்கூட முன்னேற்றம் வரேல்ல. ஒரு சின்ன ஆராய்ச்சிதான், ஆனா குடுத்தால் நட்டமில்லைத்தானே எண்டு சும்மா சொல்லிக்கொண்டு ரெண்டு மூண்டு குளிசை விழுங்க வைக்கிற ஆக்கள் இதைக் கட்டாயம் யோசிக்கோணும். குருநகரிலயோ மயிலிட்டியிலயோ கிழமையில நாலு நாள் மீன் தின்னுற பிள்ளைக்கும் வெள்ளி செவ்வாய் எண்டில்லாமல் ஒருநாளும் மீன் தொடாத வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே அளவு தேவைப்படும் எண்டு நான் நினைக்கேல்ல.

போத்தலை எப்பிடிப் பாக்கிறது? முன்பக்கத்தில பெரிய எழுத்தில 1000 மில்லிகிராம் எண்டு கிடக்கும், அது எண்ணெயின்ர நிறை. திருப்பி பின்பக்கத்தில சின்ன எழுத்தைப் பாருங்கோ, சாதாரண குளிசையில ஈபிஏ 180, டிஎச்ஏ 120 எண்டு இருக்கும். ஒக்ஸ்போர்ட்-டர்ஹாமில குடுத்த ஈபிஏ அளவுக்குக் கிட்ட வரவே மூண்டு குளிசை வேணும். சூப்புற ஜெலி மாதிரி வாறதில சிலதுக்கு ரெண்டும் சேந்து 50 மில்லிகிராமும் வராது, மிச்சம் சீனி. நான் வாறவைக்கு போத்தலைத் திருப்பிக் காட்டித்தான் குடுக்கிறனான், பாதிப் பேர் திருப்பி வச்சிட்டுப் போவினம், அதில எனக்கு ஒரு கவலையும் இல்லை.

கொட்லிவர் ஓயில் வேற சாமான், அதையும் மீன் எண்ணெயையும் ஒண்டெண்டு நினைக்காதேங்கோ. அது மீனின்ர ஈரலில இருந்து எடுக்கிறது, விற்றமின் ஏ நிறைய. ஒரு தேக்கரண்டியில ஏறத்தாழ 1350 மைக்ரோகிராம் வரலாம் (போத்தலுக்குப் போத்தல் மாறும்), அமெரிக்காக்காரர் 4 முதல் 8 வயசுப் பிள்ளைக்கு நாளுக்கு உச்சம் எண்டு வச்சிருக்கிறது 900. ஈபிஏயைக் கூட்டுறன் எண்டு ரெண்டு மூண்டு கரண்டி ஊத்தினால், மேல விற்றமின் சிரப்பும் குடுத்தால், ஈரலுக்குத்தான் பாதிப்பு.

மச்சம் சாப்பிடாத வீடுகளில ஆளி விதையை இடிச்சுக் குடுக்கினம். நல்ல சாப்பாடு, வயித்துக்கும் நல்லது, ஆனா அதில இருக்கிற ஒமேகா 3 வேற வகை, உடம்பு அதைக் கொஞ்சமாத்தான் ஈபிஏயா மாத்தும், டிஎச்ஏயா மாத்திறது அதிலயும் கொஞ்சம். நல்லெண்ணெயிலயும் தேங்காயெண்ணெயிலயும் ஒமேகா 3 எண்டு சொல்ல பெரிசா ஒண்டும் இல்லை. இப்பிடியான வீட்டுப் பிள்ளைக்கு குடுத்துத்தான் பாக்கோணும் எண்டால் நுண்பாசி எண்ணெய்தான் வழி, விலை கூட, அதிலயும் ஈபிஏ எவ்வளவு எண்டு பாத்து வாங்குங்கோ, கனக்கதில டிஎச்ஏ மட்டும்தான்.

மீன் தின்னுற வீட்டுக்கு என்ர பதில் சந்தையிலதான் இருக்குது. பாசையூரில விடியக்காலமை வலையில இருந்து உதறி விக்கிற சூடை, கீரி, கும்பளா, நெத்தலி, இதுகள்தான் நெய்ப்பிடிப்பான மீன். அளவு பருவத்துக்குப் பருவம் மாறும், ஆனா டின்மீனிலயே 100 கிராமுக்கு ஏறத்தாழ 1 கிராம் ஈபிஏயும் டிஎச்ஏயும் இருக்குது, அது மூண்டு குளிசைக்கு மேல. சூடை முள்ளெண்டு பிள்ளை தள்ளும், அதுக்கு தலையை வெட்டி குடலை எடுத்துப் போட்டு புளி கூட விட்டு நல்லா வத்த விடுங்கோ, முள்ளு மெத்தெண்டு வந்திடும், சோத்தோட பிசைஞ்சு குடுக்கலாம். எண்ணெயில முறுகப் பொரிச்சால் மீனின்ர நெய் சட்டிக்குள்ள போய் சட்டி எண்ணெய் மீனுக்குள்ள வந்திடும், அதால குழம்போ சொதியோதான் நல்லது. சுறா, தளபத்து மாதிரிப் பெரிய மீனில பாதரசம் கூட, பிள்ளையளுக்கு அடிக்கடி வேண்டாம். மீன் தின்னால் ஏடிஎச்டி மாறும் எண்டு நான் சொல்லேல்ல, குளிசைக்கே அந்தச் சாட்சி இல்லை. அதே சத்து, கூடவே புரதமும் கல்சியமும், குறைஞ்ச காசில, அதைத்தான் சொல்லுறன்.

மருந்தைப் பற்றிப் பயப்பிடுற தாய் தகப்பனை எனக்கு விளங்குது. மெதில்பெனிடேட் குடுத்தால் பசி குறையும், நித்திரை பிந்தும், வளர்த்தியைக் கவனிச்சுக்கொண்டு வரோணும், இது எல்லாம் உண்மை, டொக்டர் அதைப் பாத்துத்தான் அளவு வைப்பார். ஆனா வகுப்பில ஒவ்வொரு நாளும் ஏச்சு வாங்கி, கூட்டாளியள் சேக்காமல், தான் மக்கு எண்டு நம்பத் தொடங்கின பிள்ளையை எண்ணெய்ப் போத்தலோட ரெண்டு வருசம் வச்சிருக்கிறதுக்கும் ஒரு விலை இருக்குது, அதை ஆரும் கணக்கில எடுக்கிறேல்ல. அதுதான் எனக்குப் பொறுக்கேலாமல் இருக்கிறது. மருந்து வேணுமோ எண்டு முடிவெடுக்க முதல் கண், காது, நித்திரை, இரும்புச்சத்து இதுகளையும் பாக்கச் சொல்லிக் கேளுங்கோ, கரும்பலகை தெரியாத பிள்ளையும் வகுப்பில பிராக்குத்தான் பாக்கும்.

ஏடிஎச்டி எண்டு சொன்ன பிள்ளைக்கு மருந்தோட சேத்தோ, மருந்து வேண்டாம் எண்டு டொக்டரே சொன்ன இடத்திலயோ ஒமேகா குடுத்துப் பாக்கப் போறீங்கள் எண்டால் ஈபிஏ கூடின ஒண்டை எடுங்கோ, டொக்டரிட்டச் சொல்லிப்போட்டு சாப்பாட்டோட குடுங்கோ, இல்லாட்டி ஏவறையில மீன் மணத்து பிள்ளை பேந்து தொடாது. மூண்டு மாசம் காணும். துவங்கேக்க ரீச்சரிட்ட ஒண்டும் சொல்லாமல் பிள்ளை எப்பிடி எண்டு கேட்டு எழுதி வையுங்கோ, முடியேக்க திரும்பக் கேளுங்கோ. ரீச்சர் ஒரு மாற்றமும் சொல்லாட்டி ரெண்டாவது போத்தலுக்கு என்னட்ட வராதேங்கோ.