தோல் உறையா, கைடெக்ஸ் உறையா?

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்துக்கொண்டு நடமாடுபவர்கள் உறை வாங்கப்போனால் முதலில் எழும் கேள்வி இது.

தோல் உடம்போடு வளைந்து கொடுக்கும்; நாள் முழுக்க இடுப்பில் கிடந்தாலும் அதிகம் உறுத்தாது. ஆனால் வியர்வையை உறிஞ்சும், போகப்போகத் தளரும். தளர்ந்த வாய் விளிம்பு உள்ளே மடிந்து, துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது சுடும் விசையில் சிக்கினால் தோட்டா பாய்ந்துவிடும், அதுவும் சொந்தத் தொடையில். வாய்ப்பகுதியில் உலோகப் பட்டை வைத்துத் தைப்பது இதைத் தடுக்கத்தான்.

கைடெக்ஸ், 1960களில் விமான உட்புறங்களுக்காக உருவான பிளாஸ்டிக். சூடாக்கி, துப்பாக்கியின் வடிவத்துக்கே அச்செடுக்கிறார்கள். சுடும் விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தில் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். இறுக்கத்தைத் திருகாணியால் கூட்டிக் குறைக்கலாம். துப்பாக்கியை உருவிய பிறகும் வாய் திறந்தே இருக்கும். பெல்ட்டில் அழுந்தி, பிடியை உடம்புப் பக்கம் திருப்பும் சிறு கொக்கியும் இப்போது வருகிறது. சட்டைக்கு மேல் புடைப்பு அவ்வளவாகத் தெரியாது. மறைப்பில் இதுவே பெரிய முன்னேற்றம் என்பேன்.

கைடெக்ஸ் உறுத்தும், துப்பாக்கியின் மேற்பூச்சில் கீறல் விழும். இருந்தாலும் என் ஓட்டு கைடெக்ஸுக்கே. ஒன்று மட்டும்: சட்டை நுனி எந்த உறைக்குள்ளும் நுழையும். குனிந்து பார்த்து, மெதுவாகச் செருகுங்கள்.